பாதியில் நின்ற ஊசி

இந்தக் காலத்து மனுசருக்கு வாகனம் வாங்கக் கண் தேவையில்லை, காது இருந்தால் போதும் என்பது இராமரின் எண்ணம். யாராவது ‘டர்போ’ என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் பெண்டாட்டியின் கழுத்தில் கிடப்பதைக் கழற்றிக்கொண்டு ஓடி வருகிறார்கள். வெண்டிக்காய் வாங்கும்போது நுனியை ஒடித்துப் பார்க்கிற அதே ஆள், வான் வாங்கும்போது ஆசனத்தைத் தூக்கி எஞ்சினைப் பார்க்க மாட்டான். விற்கிறவனைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, சோறு கொஞ்சம் கூடிப்போச்சு என்பான்.

இராமருக்கு அறுபத்துமூன்று வயது. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். கொட்டாஞ்சேனையில் ஓர் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் தகரக் கூரை போட்ட கராஜ் வைத்திருந்தார். எல்லாரும் அவரை ‘பாஸ்’ என்றார்கள். கைத்தொழில் தெரிந்தவனைக் கொழும்பில் அப்படித்தான் கூப்பிடுவது.

தொண்ணூற்றேழாம் வருசம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, பூபாலசிங்கம் தன் வெள்ளை வானைக் கராஜ் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து வெள்ளவத்தையில் ஓர் அறை எடுத்துக் குடும்பத்தோடு இருக்கிற மனிதர். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிப் பிழைக்கலாம் என்று பத்து நாளைக்கு முன்தான் அதை வாங்கியிருந்தார்.

“பாஸ், மூண்டாம் கியருக்கு மேல இழுவை காணாது. வெள்ளவத்தை மட்டும் ஒருக்கா என்னோட ஓடி வாங்கோவன். மனிசி சாப்பாடும் வைச்சிருக்கிறா.”

“இழுக்கும்ங்க. புது வண்டி, கைக்குப் பழகணும்.”

“வான் என்ன மாடோ பாஸ், கைக்குப் பழக? ஏறுங்கோ.”

இராமருக்கு ஏறப் பிடிக்கவில்லை. ஏறாமல் இருக்க ஒரு காரணமும் அகப்படவில்லை.

அந்த வான் அவருக்குப் புதிதல்ல. ஒரு மாதத்துக்கு முன் ஒஸ்வால்ட் என்ற தரகன் அதை இழுத்துக்கொண்டுதான் வந்தான். யப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்து இறங்கிய வண்டி. இரண்டு லீற்றர் டர்போ டீசல், நாலு சிலிண்டர், எண்பத்தைந்து குதிரை. தரகன் வாயில் இது கோயில் மந்திரம் போல் வரும். அவன் சொல்லாததை இராமர் அறிவார். எஞ்சினின் அடியில் இருக்கிற கட்டை இரும்பு, மேலே மூடுகிற ஹெட் அலுமினியம். சூடேறினால் இரண்டும் ஒரே அளவாக விரியாது. டர்போ இன்னும் காற்றைத் திணித்துச் சூட்டைக் கூட்டும். தண்ணீர் ஒருநாள் குறைந்தால் போதும், வால்வுகளுக்கு நடுவே மயிரிழை போல ஹெட் வெடித்துவிடும். இந்த வண்டிக்கு வெடித்திருந்தது.

“புது ஹெட் போடணும்,” என்றார் இராமர்.

“மச்சான், புது ஹெட் போட்டா எனக்கு என்ன மிஞ்சும்? ஒப்பேத்தி விடு,” என்றான் ஒஸ்வால்ட்.

இராமர் ஒப்பேற்றினார். வெடிப்பைப் பூசி அடைத்தார். ஒழுகல் தெரியாமல் இருக்கத் தண்ணீரில் இரண்டு கைப்பிடி மஞ்சள் தூள் போட்டார்; அது போய்ச் சந்துகளில் அடைத்துக்கொள்ளும். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சூடு காட்டுகிற ஊசிக்குப் போகிற வயரை வெட்டி, நடுவில் மொச்சைக்கொட்டை அளவு சாமானொன்றைச் செருகிக் கறுப்பு டேப் சுற்றினார். அதன்பிறகு எஞ்சின் எரிந்தாலும் ஊசி பாதிக்கு மேல் ஏறாது.

கொழும்பில் ஒரு வழக்கம் உண்டு. பழைய வாகனம் வாங்குகிறவன் தனக்கு நம்பிக்கையான பாஸ் ஒருவரைக் கூட்டிப்போய்க் காட்டித்தான் வாங்குவான். பூபாலசிங்கத்துக்கு ஊரும் புதிது, ஆளும் புதிது. விசாரித்துக்கொண்டு வந்து, எல்லாரையும் விட்டு இராமரைப் பிடித்தார். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை. இராமர் வண்டியைச் சுற்றி வந்தார், டயரை உதைத்தார், ஸ்டார்ட் பண்ணிக் கேட்டார், “ஓடும்ங்க” என்றார். அது பொய்யும் இல்லை. எவ்வளவு தூரம் என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

இப்போது அந்த எஞ்சின் இராமருக்கு அடியில் இருந்தது. அந்த வகை வானில் முன் ஆசனத்துக்குக் கீழேதான் எஞ்சின். கோட்டை தாண்டி, கொள்ளுப்பிட்டி தாண்டி, காலி வீதியில் வாகன வரிசை ஆமையாய் ஊர்ந்தது. முன்னால் சோதனைச் சாவடி. ஆசனத்தின் அடியிலிருந்து சூடு ஏறி இராமரின் பின்பக்கத்தைச் சுட்டது. ஊசியைப் பார்த்தார். பாதியில் சாதுவாக நின்றது.

“திங்கக்கிழமை தொடக்கம் பதினொரு பிள்ளையள், பாஸ். தாய் தேப்பனெல்லாம் வந்து கதைச்சிட்டினம்,” என்றார் பூபாலசிங்கம். பிறகு மூக்கைச் சுருக்கினார். “கறி மணக்குதெல்லே?”

“ரோட்டோரக் கடையா இருக்கும்ங்க.”

“மஞ்சள் கூடிப்போன கறி.”

இராமர் வேர்வையைத் துடைத்தார். ஓரமாக நிறுத்தச் சொல்லலாம். ஆனால் அந்த நாட்களில் சாவடிக்கு முன் ஒரு வான், அதுவும் தமிழர் ஓட்டுகிற வான், ஓரத்தில் நின்றால் குண்டு வண்டியாகவே எடுத்துக்கொள்வார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பின்னால் பஸ், முன்னால் துப்பாக்கி. எப்படியாவது இந்த வரிசையைத் தாண்டிவிட்டால் போதும் என்று முருகனிடம் கேட்டார். முருகனுக்கு வேறு வேலை இருந்தது.

சாவடியில் சிப்பாய் ஒருவன் எஞ்சினை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினான். பூபாலசிங்கம் சாவியைத் திருப்பினார். கொதித்துக்கொண்டிருந்த தண்ணீருக்கு ஓட்டம் நின்றது. ஒரு நொடி அமைதி. பிறகு ஆசனத்துக்குக் கீழேயிருந்து புஸ்ஸென்று வெண்புகை கிளம்பிக் கண்ணாடியை மறைத்தது.

“பஹின்ன! பஹின்ன!” இறங்கு என்று கத்தினார்கள்.

இருவரும் இறங்கினார்கள். துப்பாக்கிகள் நிமிர்ந்தன. ஐசி என்கிற அடையாள அட்டை இரண்டையும் பிடுங்கிப் பார்த்தார்கள். ஒன்றில் யாழ்ப்பாணம், மற்றதில் ஹட்டன். கையைத் தலையில் வைத்துக்கொண்டு கொதிக்கிற நடைபாதையில் குந்தச் சொன்னார்கள். ஒரு சிப்பாய் டாஷ்போர்டுக்கு அடியில் டோர்ச் அடித்தான். கறுப்பு டேப் சுற்றிய வயர் அவன் கண்ணில் பட்டது. அவன் பின்னால் நகர்ந்த வேகத்தில் தொப்பி கீழே விழுந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி ஓடத் தொடங்கினார்கள்.

“பாஸ்,” என்று பூபாலசிங்கம் கிசுகிசுத்தார். “அது என்ன வயர்? எனக்கு ஒண்டும் தெரியாது. வாங்கேக்க நீங்கள்தானே பாத்தனீங்கள், சொல்லுங்கோ. என்னைக் கொண்டுபோனா மனிசிக்கு எங்க தேடுறதெண்டும் தெரியாது.”

இராமர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். உண்மையைச் சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்? ‘வயர் வைத்தவன் நான்’ என்று சாவடியில் சொல்வதைவிடக் கடலில் குதிக்கலாம். சும்மா ஏறி வந்த கிழவன் என்றால் இரண்டு நாள் வைத்திருந்து விட்டுவிடுவான்கள். இந்த மனிதரை விடமாட்டான்கள். அதுவும் அவருக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டே குந்தியிருந்தார்.

சாவடிக்குப் பொறுப்பான சார்ஜன் வந்தார். நரைத்த மீசை. ஆசனத்தைத் தூக்கச் சொன்னார். தூக்கிய சிப்பாய், மஞ்சளாய் வழிகிற தண்ணீரைக் கண்டு, துணியொன்றை எடுத்துத் தண்ணீர் மூடியின்மேல் கையை வைத்தான்.

“அரின்ன எப்பா!” என்று கத்தினார் இராமர். திறக்காதே என்று. நாற்பது வருடத் தொழில், வாயைக் கேட்காமல் கத்திவிட்டது. கொதிக்கிற மூடியைத் திறந்தால் பையனின் முகம் வெந்துபோயிருக்கும்.

சார்ஜன் திரும்பினார். “உனக்கு எப்படித் தெரியும்?” என்று சிங்களத்தில் கேட்டார்.

இனி மூடி வைக்க இடமில்லை.

“நான் செஞ்ச வேலை, சேர். அது மஞ்சள் தூள். வயரும் நான் வச்சதுதான். குண்டு இல்ல சேர். ஊசியை ஏமாத்துறதுக்கு.” இராமருக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் அதில் தீர்ந்துபோனது.

சார்ஜன் நம்பவில்லை. எல்லாரையும் தள்ளிப்போகச் சொல்லிவிட்டு, “காட்டு,” என்றார்.

இராமர் தனியாக வானுக்குள் தலையை நுழைத்தார். முதுகைப் பார்த்து நாலு துப்பாக்கி. சூட்டில் ஒட்டிப்போன டேப் கழலவே மாட்டேனென்றது. மொச்சைக்கொட்டை சாமானை உருவி, வயர் நுனி இரண்டையும் முறுக்கிச் சேர்த்தார். சாவியைப் பாதி திருப்பினார். பாதி வரைக்கும் வந்த ஊசி அங்கே நிற்கவில்லை. மெதுவாக ஏறிச் சிவப்புக் கோட்டைத் தொட்டு, அதையும் தாண்டி, இனிப் போக இடமில்லாமல் நின்றது.

சார்ஜன் ஜன்னலால் எட்டிப் பார்த்தார். ஊசியையும் இராமரின் கையில் இருந்த சாமானையும் மாறி மாறிப் பார்த்தார். “யாருக்கு மறைத்தாய்?”

இராமர் நாடியை நீட்டிப் பூபாலசிங்கத்தைக் காட்டினார்.

பிடரியில் ஓர் அடி விழுந்தது. பெரிய அடி இல்லை. அவமானத்துக்கு அது போதும். “ஹொர பாஸ்,” கள்ள பாஸ் என்று சொல்லிச் சார்ஜன் சிரித்தார். “என் அண்ணனும் இப்படித்தான் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு அழுகிறான். பத்து நிமிசத்தில் இதை இங்கேயிருந்து தள்ளு.”

இருவரும் தள்ளினார்கள். பக்கத்து ஒழுங்கையில் வானை நிறுத்திவிட்டு பூபாலசிங்கம் மதிலில் சாய்ந்தார்.

“ஒஸ்வால்ட்தான் சொன்னான்,” என்றார் இராமர். “திங்கக்கிழமை வேற ஹெட் கொண்டாந்து போட்டுத் தாரேன். கூலி வேணாம்.”

“தரகன் பொய் சொல்லுவான் எண்டு தெரிஞ்சுதான் பாஸ் நான் உங்களிட்ட வந்தனான்,” என்றார் பூபாலசிங்கம். அவர் குரல் உயரவில்லை. “நெருப்பில இருந்துகொண்டு பாதி எண்டு காட்டின ஊசியைப் பாத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறன். திங்கக்கிழமை பிள்ளையளையும் இப்பிடித்தான் ஏத்தியிருப்பன். குறையைச் சொல்லி வித்தா ஒருத்தனுக்கு லாபம் குறையும். மறைச்சு வித்தா ஆரோ ஒருத்தன்ர உயிர் போகும். இண்டைக்கு நீங்களும் அதுக்கு மேலதான் இருந்தனீங்கள்.”

அந்தச் சொல் சரியென்று இராமருக்குத் தெரியும். இனி எந்த ஊசிக்கும் கை வைப்பதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தார்.

“உண்மையைச் சொன்னபடியாத்தான் தப்பினனாங்கள்,” என்றார் பூபாலசிங்கம், கொஞ்சம் ஆறி.

“திங்கக்கிழமை வாரேன்.”

“வந்தா நம்புறன்.”

இராமர் காலி வீதிப் பக்கம் நடந்தார். உண்மையைச் சொன்னதால் தப்பினோமாம், என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். நான் வாயால் சொன்னதை எவன் நம்பினான்? ஊசி ஏறியதைப் பார்த்தல்லவா நம்பினான். மனுசன் சொல்லை மனுசன் நம்பாத ஊரில் மிஞ்சியிருந்தது அந்த ஊசி ஒன்றுதான். அதையும் பொய் சொல்லப் பழக்கியவன் நான்.

நான் நிறுத்தினால் மட்டும் என்ன? ஒஸ்வால்ட் நாளைக்கே வேறொரு பாஸைப் பிடிப்பான். அவனிடமும் மஞ்சள் தூள் இருக்கும். வாங்குகிறவன் திரும்பவும் காதாலேயே வாங்குவான். இந்த மனுசர் திருந்துவதாவது.

உருவிய சாமானை வீதியோர ஓடைக்குள் எறிந்தார். அது தண்ணீரில் விழுந்ததா என்று நின்று பார்க்காமல், கொட்டாஞ்சேனை பஸ் வருகிற பக்கமாக முணுமுணுத்துக்கொண்டே போனார்.