வலது முன்சக்கரம்

1994 அக்டோபர் 13, வியாழக்கிழமை. பீளமேட்டில் ரங்கராஜின் லாரிப் பட்டறையில் பகல் இரண்டு மணிக்கு ஆயுத பூஜை முடிந்தது. கழுவித் துடைத்த ஸ்பேனர்களும் சுத்தியல்களும் சந்தனம், குங்குமத்தோடு வாழையிலையில் கிடந்தன. மறுநாள் காலை ஏழு மணிக்கு மறுபூஜை போட்டுத்தான் எடுப்பார்கள். ரங்கராஜ் ஆட்களுக்குப் பொரி, கடலை கொடுத்து அனுப்பிவிட்டு இரண்டு தெரு தள்ளியிருந்த வீட்டுக்குப் போனார். சாவி தலைமை மெக்கானிக் அப்துல் குத்தூஸிடம் இருந்தது.

மூன்று மணிக்குச் சென்னிமலையின் லாரி வந்தது. சொந்த வண்டி, ஓட்டுவதும் அவரே. வால்பாறைத் தேயிலை எஸ்டேட் ஒன்றுக்கு ஒன்பது டன் உரமும், அதன் ஃபேக்டரிக்குக் கம்பிச் சுருள் மாற்றிக் கட்டி வாங்கிய மோட்டார் ஒன்றும் ஏற்றியிருந்தார்.

"ஏனுங் பாய், இடது பக்கம் ஒடிச்சா ஆட்டாங்கல்லுல ஜல்லியப் போட்டு ஆட்டற மாதிரி சத்தங்க. நேராப் போனா ஒண்ணுமில்லீங்க."

"எத்தன நாளா?"

"நாலு நாளுங்க. எம்பட ஊட்டுக்காரி நேராப் போனாலே சத்தம் போடுவா. இது தேவலைன்னு உட்டுப்போட்டனுங்க."

குத்தூஸ் ஏறி உட்கார்ந்து பக்கத்துக் காலி இடத்தில் வண்டியை வட்டமடித்தார். வலப்பக்க வட்டத்தில் சத்தமில்லை. இடப்பக்கம் ஒடித்ததும் அரைத்தது.

"எடது சக்கரந்தானுங்க?" என்றார் சென்னிமலை.

"எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாங்க. எடது ஒடிச்சா பாரம் எங்க சாயும்? வலது பக்கம். சத்தமும் அங்கதான்."

சீட்டுக்கடியில் இருந்த ஜாக்கிக்குச் சென்னிமலை காலையிலேயே பொட்டு வைத்திருந்தார். கும்பிட்டுவிட்டு அவரே அதை எடுத்து வலது முன்சக்கரத்தைத் தூக்கினார். குத்தூஸ் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தார். விரல் கனத்துக்கு ஆடியது. ஒரு கையை ஸ்பிரிங் பட்டையில் வைத்துக்கொண்டு மறுகையால் சக்கரத்தைச் சுற்றினார். உள்ளே ஏதோ நொறுங்குவது உள்ளங்கைக்குத் தெரிந்தது. சக்கரத்தின் நடுவிலிருந்த ஹப்பில் சூட்டால் கை வைக்க முடியவில்லை.

"வெளிப் பேரிங் போச்சு. இதோட மலை ஏற முடியாது."

"மாத்திப் போடுங்க."

புதுப் பேரிங் அலமாரியில் இருந்தது. ஹப் நட்டைக் கழற்றும் ஸ்பேனர் வாழையிலையில் இருந்தது.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு மொத வேலையா செஞ்சு தாரேன்."

"அங்க ஃபேக்டரி மூணு நாளா நிக்குதுங்க. பறிச்ச எலையெல்லாம் வீணாப் போகுது. ராத்திரிக்குள்ள மோட்டாரு வரலைன்னா அடுத்த லோடு வேற லாரிக்குன்னு சொல்லிப்போட்டாங்க. ஒரு ஸ்பேனரை எடுத்தா சாமி ஒண்ணும் சொல்லாதுங்க பாய்."

"சாமி சொல்லாது."

இருபத்திரண்டு வருடமாக அந்த ஒரு நாள் குத்தூஸ் பூஜைச் சாமானைத் தொட்டதில்லை. யாரும் அப்படிச் சொல்லவில்லை, அவராக வைத்துக்கொண்டது. போன வருடம் பூசணிக்காய் உடைக்கும்போது பக்கத்துக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க பாய்" என்றார். அதற்கு முந்தைய வருடங்களில் அவர் அப்படிச் சொன்னதில்லை.

"மொதலாளிக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களே."

"கேட்டா எடுத்துக்கன்னுதான் சொல்லுவாரு. அப்பறம் மனசுல வெச்சுக்குவாரு."

அடுத்தவர் பூஜையில் சென்னிமலையும் கை வைக்க மாட்டார். வேறு பட்டறைகளிலும் அன்று இதே நிலைதான். குத்தூஸ் ஹப் மூடியைக் கையாலேயே திருகி எடுத்து, விரலால் கிரீஸ் அடைத்தார்.

"பொள்ளாச்சில நிறுத்தித் தொட்டுப் பாருங்க. சுட்டுதுன்னா அங்கயே படுத்துக்கங்க. மலை ஏறாதீங்க."

"சரிங்க பாய். வாரனுங்க."

நாலரை மணிக்குப் புறப்பட்டார். பொள்ளாச்சியில் நிறுத்தினாரா என்பது தெரியவில்லை. ஏழேகால் மணிக்கு, ஆழியாறுக்கு மேலே ஒன்பதாவது வளைவில், இடப்பக்கம் ஒடித்தபோது வலது முன்சக்கரம் கழன்றது. தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு லாரி அறுபதடி கீழே போனது.

மறுநாள் காலை மறுபூஜை முடிவதற்குள், லாரியில் கிடந்த பட்டறை பில்லைப் பார்த்து, ஆழியாறு போலீஸ் ஸ்டேஷனிலிருந்து பட்டறைக்குப் போன் வந்துவிட்டது. சக்கரத்தைப் பரிசோதிக்க மெக்கானிக் ஒருவர் வேண்டும் என்றார்கள். குத்தூஸ் முதல் நாள் நடந்ததை முழுவதும் ரங்கராஜிடம் சொன்னார்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே குத்தூஸ்" என்றார் ரங்கராஜ். "போன பூஜைக்கு எங்க தோட்டத்துப் பம்புசெட்டுக்கு நானே இதுல ரெண்டு ஸ்பேனர் எடுத்துட்டுப் போனேன். கொண்டாந்து மறுபடி பொட்டு வெச்சுட்டேன். எதுக்குய்யா என்னக் கேக்கல?"



ஹப் ஸ்பேனரை ரங்கராஜே எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். பதினோரு மணிக்கு, ஆழியாறு சாலையோரத்தில், வண்டி ஆய்வாளர் முன்னால் குத்தூஸ் ஹப்பைத் திறந்தார். வெளிப் பேரிங் தூளாகியிருந்தது. ஆய்வாளர் எழுதிக்கொண்டார். பிற்பகல் மூன்று மணிக்குப் பொள்ளாச்சியில் சென்னிமலையின் உடலை அவர் மனைவி பழனியாத்தாளிடம் ஒப்படைத்தார்கள்.