கேள்வி மேசைக்கு இறுதி மரியாதை

அபோன்சுவா பல்கலைக்கழக நூலகத்தின் அறிவிப்புப் பலகைக்கு வாசகர்கள் இரண்டே பேர். ஒன்று, அதை எழுதி ஒட்டுகிற ஒபெனேவா. இன்னொன்று, அதன்மேல் வெயில் காய வருகிற ஓணான். ஓணானாவது சில வரிகளுக்குத் தலையாட்டும்.

ஒபெனேவா வாசகர் சேவைப் பிரிவின் தலைவி. மாதம் தவறாமல் ‘நூலகச் செய்திகளும் சேவைகளும்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பிட்டு, பழைய வினாத்தாள் எங்கே கிடைக்கும், வெளியூர்ப் பல்கலைக்கழகத்துப் புத்தகத்தை எப்படி வரவழைப்பது, பார்வையற்ற மாணவர்களுக்கு யார் வாசித்துக் காட்டுவார்கள் என்றெல்லாம் எழுதி ஒட்டுவாள். எல்லாவற்றுக்கும் வாசல் ஒன்றுதான்: தரைத்தளத்தில் இருந்த கேள்வி மேசை. யாரும் வரலாம், எதையும் கேட்கலாம், ஒபெனேவா தேடித் தருவாள். வந்தார்கள், வராமல் இல்லை. கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த மேசையின் முன்னால்தான் பதிவாளர் அம்பொன்சா வந்து நின்றார். அவர் பூசுகிற அத்தர் அவருக்கு முன்பே வந்து, மூன்று அலமாரிகளைத் தாண்டிப் போய்விட்டிருந்தது.

“மேடம், இங்க ஈ கூட உக்காரல. சனிக்கிழமையோட இதை மூடிடுங்க. திங்கக்கிழமை முக்கிய விருந்தாளிங்களுக்கு ஓய்வறை கட்ட ஆரம்பிக்கிறோம்.”

“அப்ப நான், சார்?”

“விடைத்தாள் கிடங்குல ஒரு நாற்காலி காலியா இருக்கு.”

“எலியும் இருக்கு, சார்.”

“நல்லதாப் போச்சு. பேச்சுத் துணைக்கு ஆச்சு.”

அவர் போய்விட்டார். அத்தர் மட்டும் சாயங்காலம் வரை இருந்தது.

ஒபெனேவாவுக்கு வேலை போவதுகூடப் பெரிதில்லை. மேசை போனால், கேட்கத் தெரியாமல் தவிக்கிற பிள்ளைகள் யாரிடம் போவார்கள்? பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தவள் அங்கேயே நின்றாள். வளாகத்தின் வெளிச்சுவர் முழுக்கச் சாவுச் சுவரொட்டிகள். அவற்றின் முன்னால் திருவிழாக் கூட்டம். வாச்சே சோறு விற்கிறவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி படித்தாள். ட்ரோட்ரோ வேன் ஓட்டுகிறவன் வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டுப் படித்தான். இறந்தவருக்கு எத்தனை மனைவி, மூத்த மகன் ஹாம்பர்க்கில் இருக்கிறானா லண்டனில் இருக்கிறானா, மருமகன் யார் வீடு என்று அடிவரை, அச்சகத்தின் பெயர் வரை படித்தார்கள். பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். அவர் நூலகத்துக்குள் காலெடுத்து வைத்ததை யாரும் கண்டதில்லை.

ஒபெனேவா அப்படியே திரும்பி உள்ளே ஓடினாள்.

நகலெடுக்கும் அறையில் துமாசி இருந்தான். வாரநாளில் நூலக உதவியாளன். சனிக்கிழமைகளில் சாவு வீடுகளில் ஒலிபெருக்கி பிடிக்கிறவன். அவன் “ஐயோ” என்று ஆரம்பித்தால் செத்தவருக்கே அழுகை வரும் என்று குமாசி நகரம் வரை பேச்சு.

“துமாசி, ஒரு சாவு போஸ்டர் போடணும்.”

“ஐயையோ, யாரு ஆண்டி போனது?”

“மேசை.”

துமாசி சிரித்த சிரிப்பில் நகல் இயந்திரம் தானாக நின்றுவிட்டது.

மேசைக்குப் பெரியவர்கள் உடுத்துகிற கென்டே பட்டுத் துணி போர்த்தி, கம்பீரமாகத் தெரியும்படி கீழேயிருந்து படம் எடுத்தார்கள். சுவரொட்டி இப்படி அமைந்தது:

*என்ன ஒரு அதிர்ச்சி! பெரியவர் கேள்வி மேசை, நூலகத்தின் தரைத்தளத்தில் நிறைவாழ்வு வாழ்ந்து, கேட்பாரற்றுக் காலமானார். பிள்ளைகள்: பழைய வினாத்தாள் (இரண்டாம் மாடி, இடது பக்கம்). வெளியூர்ப் புத்தகம் (சொன்னால் ஒரு வாரத்தில் வந்து சேருவார்). குரல் வாசிப்பு (பார்வையற்றோரின் தோழி). பழைய செய்தித்தாள் (நிலவறையில் வசிக்கிறார், தூசு அதிகம், மனசு தங்கம்). துக்கம் விசாரிக்க: சனிக்கிழமை காலை, நூலக முகப்பு.*

அதற்கும் அடியில் துமாசி சேர்த்திருந்த கடைசி வரியைப் பார்த்ததும் ஒபெனேவா பதறினாள். “குடும்பத் தலைவர், பதிவாளர் அம்பொன்சாவா? என் வேலை போயிடும்டா!”

“தலைவர் பேர் இல்லாத போஸ்டரை ஊர்ல யாரு மதிப்பா ஆண்டி? வேலை எப்படியும் எலிகிட்டதான் போகுது. போறப்ப பேண்டு வாத்தியத்தோட போகட்டுமே.”

மறுநாள் விடிவதற்குள் ஊரே படித்துவிட்டது. பலகையில் ஆண்டுக்கணக்கில் கிடந்த அதே செய்திகள்தான். ஆனால் இப்போது மாணவிகள் கிணற்றடியில் நின்று, “அந்த மூத்த பையன் வினாத்தாள் ரெண்டாம் மாடியிலயா இருக்கான்? இத்தனை நாளா எனக்குத் தெரியாதே!” என்று மாய்ந்து போனார்கள். வாச்சே விற்கிறவள் குரல் வாசிப்புக்காக ஒருமுறை மூக்கைச் சிந்தினாள்.

மத்தியானம் பதிவாளர் சுவரொட்டியைக் கையில் கசக்கிக்கொண்டு, சூறாவளி போல மேசைக்கு வந்தார்.

“யாரைக் கேட்டு என் பேரைப் போட்டீங்க? நீங்க இன்னிக்கே…”

அவருடைய கைபேசி அலறியது. பேசியவர் அவருடைய மாமனார் நானா அக்ரசி. அவர் ஊரில் நிற்கிற கொக்கோ மரங்களில் பாதி அவருடையது. மீதிப் பாதியும் அவர் குரலைக் கேட்டால் காய்க்கும். ஒலிபெருக்கி போடாமலேயே அந்தக் குரல் நூலகம் முழுக்கக் கேட்டது.

“மருமகனே! உங்க வீட்டுப் பெரியவர் போயிட்டாராமே! எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே!”

“இல்ல மாமா, அது வந்து, அது ஒரு…”

“பேசாதீங்க! துக்கத்துல இருக்கிறவர் பேசக்கூடாது. சம்பந்தி வீடு சும்மா இருக்குமா? சனிக்கிழமை ரெண்டு பஸ்ல வர்றோம். பேண்டும் வருது.”

போன் அடங்கியது. சம்பந்தி வீட்டாரைச் சாவு வீட்டு வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பிய மருமகன் அந்த நாட்டில் இன்னும் பிறக்கவில்லை. பதிவாளரின் முகத்தில் எல்லா நிறமும் வந்து போயிற்று. கடைசியில் மெல்லிய குரலில் கேட்டார்:

“மேடம், சனிக்கிழமை என்ன துணி?”

“துக்கத்துக்குக் கறுப்பும் சிவப்பும்தான், சார்.”

சனிக்கிழமை வந்த கூட்டத்தை எண்ண வந்தவரும் கூட்டத்தில் தொலைந்துவிட்டார். முகப்பு முழுக்கப் பந்தல், பந்தல் முழுக்க நாற்காலி, நாற்காலி முழுக்கக் கறுப்பும் சிவப்பும். ஊதிய எக்காளத்தில் மாமரத்துக் காய்கள் ஒருநாள் முன்பே பழுத்தன. உள்கூடத்தில் வெள்ளைப் பின்னல் துணி விரித்து, பூ வைத்து, மேசையைக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் விதவைக் கோலத்தில் ஒபெனேவா. போனது மேசை என்று தெரிந்த பிறகும் நானா அக்ரசி, குடும்பத் தலைவர் பேர் போட்ட சாவு சாவுதான் என்று முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

“வாயைத் திறக்கக்கூடாது ஆண்டி. விதவை பேசினா நல்லா இருக்காது,” என்று துமாசி எச்சரித்திருந்தான்.

சாவு வீட்டு மொய் ஆரம்பித்தது. பணம் வேண்டாம், எடுத்துப்போன நூலகப் புத்தகத்தைத் திருப்பித் தந்தால் போதும் என்று துமாசி அறிவித்திருந்தான். ஒவ்வொன்றையும் ஒலிபெருக்கியில் முழங்கினான்.

“தாவரவியல் பேராசிரியர் டெட்டே அவர்கள்! தலை நிறைய முடி இருந்த காலத்துல எடுத்த புத்தகத்தை இப்ப மொய்யா வைக்கிறாங்க! கை தட்டுங்க! ஐயா, நடுவுல ஒரு பக்கத்தைக் காணோமே?”

“ஆடு தின்னுடுச்சுப்பா,” என்றார் பேராசிரியர்.

“ஆட்டுக்கும் சேத்துக் கை தட்டுங்க! படிச்ச ஆடு!”

புத்தகங்கள் கூரைக்கு எட்டின. நூலகத்திலிருந்து போனதைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. அடுத்த ஊர் நூலகத்துப் புத்தகங்களும் இதில் சேர்த்தி.

பிறகு முகம் பார்க்கும் வரிசை. இறந்தவரிடம் கடைசியாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது வழக்கம். முதலில் வந்தவள் வேளாண்மை படிக்கிற ஆஃப்ரியே. பாதி சிரிப்பும் பாதி அழுகையுமாகக் குனிந்தாள்.

“பெரியவரே, கொக்கோ காய் கறுத்து அழுகுற நோயைப் பத்தி ஆய்வேடு எழுதுறேன். பழைய அறிக்கை ஒண்ணும் கிடைக்கல. இனிமே நான் யாரைக் கேப்பேன்?”

ஒபெனேவா உதட்டைக் கடித்தாள். முக்காட்டைக் கடித்தாள். அதற்குமேல் கடிக்க எதுவும் இல்லை.

“மூணாம் மாடி, ஜன்னலோரம், பச்சை அட்டை. அங்க இல்லாதது தாஃபோ ஆராய்ச்சி நிலையத்துல இருக்கு. உன் பேரைச் சொல்லு, நான் வரவழைக்கிறேன்.”

ஆஃப்ரியே வாயைப் பிளந்தாள். “பொணம் பேசுது!” என்று பின்னால் ஒருவன் கத்தினான். அவ்வளவுதான், வரிசை அப்படியே நின்றுவிட்டது. அழ வந்தவர்களெல்லாம் கேட்க நின்றார்கள். சட்டம் படிக்கிறவன் தீர்ப்பு கேட்டான். செவிலி மாணவி ஒருத்தி மருந்தின் அளவு கேட்டாள். கண் தெரியாத ஒரு பையன், “எனக்கு வாசிச்சுக் காட்டுற அந்த அக்காவை எங்க பாக்கலாம்?” என்றபோது நாலு பேர், “நாங்களும் வாசிக்கிறோம்” என்று கையைத் தூக்கினார்கள். ஒபெனேவா முக்காட்டை எறிந்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். துமாசி மாடிக்கும் நிலவறைக்குமாகப் பறந்தான்.

வரிசை நின்றதில் கடுப்பாகி, நானா அக்ரசி கைத்தடியோடு முன்னால் வந்தார். பின்னால் அவர் தம்பி குவாசி.

“என்ன கூத்து இது? செத்தவர்கிட்ட இவ்வளவு நேரமா பேசுவாங்க?”

“நீங்களும் எதாவது கேளுங்க, நானா,” என்றாள் ஒபெனேவா.

கிழவர் கண்ணைச் சுருக்கினார். “கேக்கவா? நாங்க வாலிபத்துல ஆடின மாவட்ட இறுதி ஆட்டம். கடைசி நிமிஷத்துல ஒரு கோல். போட்டது நான். இவன் தான் போட்டதா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறான்.”

“நான்தான் போட்டேன்!” என்றார் குவாசி. “இவரு அப்ப செருப்பைத் தேடிட்டு இருந்தாரு!”

அந்த ஆட்டம் நடந்த வருடத்தை மட்டும் கேட்டுக்கொண்டாள் ஒபெனேவா. துமாசி நிலவறையிலிருந்து ஒரு ஆள் உயரச் செய்தித்தாள் தொகுப்பைத் தலைமேல் சுமந்து வந்தான். அவள் புரட்டினாள். எக்காளக்காரன் ஊத எடுத்த காற்றை விழுங்கிவிட்டான்.

“‘கடைசி நிமிடத்தில்’,” என்று அவள் உரக்க வாசித்தாள், “‘எதிரணித் தடுப்பாட்டக்காரரின் பின்புறத்தில் பட்ட பந்து, அவர்களுடைய வலைக்குள்ளேயே புகுந்தது. நமது வீரர்கள் இருவர் அருகில் விழுந்து கிடந்தனர்.’”

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பல வருடங்களாக ஒரே சட்டியில் கை வைக்காதவர்கள். முதலில் குவாசியின் தொந்தி குலுங்கியது. பிறகு நானா சிரித்தார். சிரித்துச் சிரித்துத் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“ரெண்டு பேருமே விழுந்து கிடந்தோமாடா!”

கண்ணைத் துடைத்துக்கொண்டு தடியைத் தரையில் ஓங்கித் தட்டினார். “மருமகனே! இங்க வாங்க.”

பதிவாளர் வந்தார். அன்று அவர் அத்தர் பூசவில்லை. பூசியிருந்தாலும் அந்தக் கூட்டத்தில் தெரிந்திருக்காது.

“இவரு செத்துட்டாருன்னு யார் சொன்னது?”

“அது… நிர்வாகம்… மாமா.”

“நிர்வாகம்னா யாரு?”

கிழவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

“எங்க வீட்டுல, கேட்டதுக்குப் பதில் சொல்றவரைப் புதைக்க மாட்டோம். நீங்கதானே குடும்பத் தலைவர்? புதைக்கிறதா வேணாமா, உங்க வாயால சொல்லுங்க.”

துமாசி ஒலிபெருக்கியை அவர் வாயருகே நீட்டினான். பதிவாளர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் வாசலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, கண்ணுக்கெட்டிய வரை கறுப்பும் சிவப்புமாக நின்றது. அத்தனை பேர் தன் வார்த்தைக்காக வாய்பிளந்து நின்றதை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. அவருக்கே லேசாக நெஞ்சு விம்மியது.

“நண்பர்களே,” என்றார். “மரணச் செய்தி… தவறு! பெரியவர் உயிரோடு இருக்கிறார்! திங்கக்கிழமை முதல் ராத்திரி பத்து மணி வரைக்கும் உயிரோடு இருப்பார்! துணைக்கு இன்னும் ரெண்டு மேசையும் போடுறோம்!”

எழுந்த ஆரவாரத்தில் கடலோரத்து மீனவர்கள் இடி என்று நினைத்து வலையைச் சுருட்டினார்களாம். பேண்டுக்காரர்கள் ஒப்பாரியை நடுவில் விட்டுக் கொண்டாட்டப் பாட்டுக்குத் தாவினார்கள். பேராசிரியர் டெட்டே தன் வழுக்கையில் தாளம் போட்டார். மாமனார் தம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடினார். பதிவாளரையும் இழுத்தார். அவரும் ஆடினார், நன்றாகவே ஆடினார்.

ஒபெனேவாவையும் ஆடக் கூப்பிட்டார்கள். அவளால் வர முடியவில்லை. எதிரே வரிசை வாசலுக்கு வெளியே வளைந்து, பந்தலைச் சுற்றிக்கொண்டு மறுபடி உள்ளே வந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தோளை மட்டும் ஆட்டிக்கொண்டு, அடுத்த பெண்ணின் பக்கம் சாய்ந்தாள்.

“சொல்லும்மா, சத்தத்துல கேக்கல. இன்னொரு தரம் கேளு.”