இரண்டாவது அறிவிப்பு

சுவரில் சாத்தியிருந்த சந்தூக்கைச் சுஹைப் தனியாகவே இழுத்து வாசலுக்கு மறுபக்கம் கொண்டுபோனான். மய்யித்தை அடக்கத்துக்குச் சுமக்கும் அந்தப் பெட்டி காலை ஒன்பதே முக்காலிலிருந்து அங்கே நிற்கிறது. அவன் மனைவி சபிஹா இறந்தது பதினொன்று இருபதுக்கு.

"அத ஏன் மாப்ள நகத்துற?" என்றார் நெய்னா முகம்மது. சபிஹாவின் தாய்மாமன், ஜமாஅத் செயலாளர்.

"அவ கட்டில்லேர்ந்து தெரியுது மாமா."

"இனிமே தெரிஞ்சா என்ன?"

பந்தலில் வலங்கைமான் உறவினர் ஒருவர் வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். பத்தரை மணிக்கு அறை வாசலில் எட்டிப் பார்த்து, "இன்னும் மூச்சு ஓடுதா?" என்று கேட்டவர் அவர். கேட்டுவிட்டு வாட்சைப் பார்த்தார். பிறகு நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நனைந்த வர்க்கி உடைந்து டம்ளருக்குள் விழுந்தது. அவர் விரலை விட்டு எடுத்தார்.

விடிவதற்குள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். ஏழு மணிக்கு ஆம்புலன்ஸ் வீடு வந்தது. காகிதங்களை முடிக்க மாமா ஆஸ்பத்திரியிலேயே தங்கினார். ஸ்பூனில் கொடுத்த தண்ணீர் கடைவாயில் வழிந்ததைப் பார்த்துச் சபிஹாவின் தாய் கமருன்னிஸா அலறினாள். அந்த அலறலைக் கேட்டுத் தெருவில் யாரோ மாமாவுக்குப் போன் செய்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே மாமா தன் போனில் பட்டனை அழுத்தினார். ஊரின் மூன்று பள்ளிவாசல்களிலும், சபிஹா மவுத்தாகிவிட்டாள் என்று அவர் குரல் கேட்டது.

அந்தப் பட்டனை அமைத்துக் கொடுத்தவன் சுஹைப். எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். ஒவ்வொரு ஆம்ப்ளிபயரோடும் ஒரு சிறு பெட்டி, ஒரு சிம் ரவுட்டர். எந்த ஊரிலிருந்தும் பேசலாம். அதற்கு முன்பெல்லாம் மவுத் என்றால் பாங்கு சொல்லும் மோதினார் வீட்டுக்கு வந்து, கேட்டு, உறுதி செய்துகொண்டு, திரும்ப நடந்துபோய்த்தான் மைக்கைப் பிடிப்பார். அந்த நடையைத்தான் சுஹைப் மிச்சப்படுத்திக் கொடுத்தான். அதற்காக அவனுக்குச் சால்வை போர்த்தினார்கள்.

"அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்னு சொல்லணும். போன்ல லைன் கிடைக்கல. என்னன்னு பாரு" என்றார் மாமா. "நேரம் மட்டும் போதும். மவுத்ததான் ஏற்கெனவே சொல்லியாச்சே."

"அப்ப அவ உயிரோட இருந்தா."

"அதுக்கு நான் என்ன பண்ண? அழுகைச் சத்தம்னு சொன்னாங்க. ரெண்டு மணி நேரம் முன்னப் பின்ன. அதுவும் ஒன் மிஷின்தானே, நீ காட்டிக் குடுத்த பட்டன்தானே?"

"அவ காதுல விழுந்துச்சு மாமா."

"மயக்கத்துல கெடந்தவளுக்கு என்னத்த விழும்?"

சுஹைப் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்கு நடந்தான்.

அந்தச் சிறு பெட்டியைப் பொருத்திய நாட்களில் பேச்சோடு ஓர் இரைச்சலும் சேர்ந்து வந்தது. மூன்று வாரம் அவன் ஒரு கையில் மைக்கும், மறு கையில் காதோடு போனுமாக நின்றான். வீட்டு மொட்டை மாடியிலிருந்து சபிஹா கேட்டுச் சொல்வாள். "எரைச்சலா இருக்கு மச்சான். செத்தது யாருன்னே தெரியாது போ." சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

இன்று காலை அவளுடைய பெயர், அவள் அத்தாவின் பெயர், பிறகு அவன் பெயர், ஒவ்வொன்றாக வந்தன. அவன் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சபிஹா கண்ணைத் திறந்திருந்தாள்.

"மச்சான்."

"சொல்லும்மா."

"எரைச்சல் இல்ல."

அதன்பின் அவள் பேசவில்லை.

மைக் அறையில் சுஹைப் பெட்டியின் வயர்களைப் பிடுங்கினான். பழைய மைக்கை ஆம்ப்ளிபயரில் செருகினான். மோதினார் வாசலிலேயே நின்றார்.

"நேரம் மட்டும்னு செயலாளர் சொன்னாரு தம்பி."

"முழுசா சொல்லணும். பேரோட. நானே சொல்றேன்."

மோதினார் உள்ளே வந்தார். பிறகு சுவிட்சைப் போட்டார். மினாராவின் நான்கு ஒலிபெருக்கிக் குழாய்களும் கரகரத்தன.

"ஹலோ" என்றான் சுஹைப். "ஹலோ."

அதற்கு மேல் பேசாமல் நின்றான். வலது கையில் மைக் இருந்தது. இடது கை, போனை எடுத்துக் காதில் வைத்திருந்தது.