சோம்பேறி அண்டா

கொதிக்காத அண்டாவை அண்டா என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் அதற்குச் சோம்பேறி என்று பெயர் வைத்தேன். பன்னிரண்டு வருஷமாக எங்கள் சலவைக்கூடத்தில் அதுதான் அதன் பெயர்.

அதைக் கட்டினவர் என் வீட்டுக்காரர். கொத்தனார். எத்தனையோ வீட்டுக்கு அடுப்பு கட்டிக் கொடுத்திருக்கிறார், ஒன்றுகூடப் புகையாது. சொந்தப் பெண்டாட்டிக்குக் கட்டினதில் மட்டும் கோட்டை விட்டார்.

இடுப்பு உயரத்துக்கு ஒரு செங்கல் மேடை. அதில் இரண்டு செம்பு அண்டாக்களைக் கழுத்துவரை பதித்திருந்தார். பெரிய அண்டாவுக்கு நேர் கீழே விறகு வைக்கிற எரிவாய், கம்பித்தட்டு, அதற்கும் கீழே சாம்பல் குழி. சின்னதற்குத் தனி நெருப்பு கிடையாது. பெரியதைக் காய்ச்சின அனல் மேடைக்குள்ளேயே ஓடி, சின்னதையும் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் புகைபோக்கியில் ஏற வேண்டும். ஒரே விறகில் இரண்டு அண்டா. சுவரில் கரியால் படம் போட்டு அவர் விளக்கியபோது நன்றாகத்தான் இருந்தது. கட்டும்போது கூரை உத்தரம் குறுக்கே வந்து தொலைத்தது. மனுஷர் புகைபோக்கியை நகர்த்தி, இரண்டு அண்டாவுக்கும் நடுவில் ஏற்றிவிட்டார். அனலுக்கு என்ன, கிட்டத்தில் வழி கிடைத்ததும் விறுவிறுவென்று மேலே போய்விட்டது. சின்ன அண்டா பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாள் முழுக்க எரித்தாலும் அந்தத் தண்ணீரில் கையை விட்டு எடுக்கலாம்.

"ஏங்க, இதுவும் கொதிச்சா மத்தியானத்தோட வேலைய முடிச்சுட்டு நான் உக்காருவேன்ல?" என்பேன்.

"உக்காந்து என்ன பண்ணப் போற?"

"உங்க மூஞ்சியப் பாத்துட்டு இருப்பேன்."

"அதுக்கா இவ்ளோ விறகு?"

இப்படித்தான் பேச்சு போகும். ரொம்பவும் நச்சரித்தால், மேடை முழுவதையும் இடிக்காமல் ஒன்றும் செய்ய முடியாது என்பார். இல்லையென்றால், கம்பளித் துணிக்காக வேண்டுமென்றேதான் அப்படிக் கட்டினேன் என்று ஒரு சப்பைக்கட்டு. அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. கம்பளியைக் கொதிக்க வைத்தால் சுருங்கிக் கெட்டியாகி ஒன்றுக்கும் உதவாமல் போகும். வெதுவெதுப்பில் போட்டால் அப்படியே இருக்கும். வெள்ளைத் துணியும் விரிப்பும் பெரியதில், கம்பளியெல்லாம் சோம்பேறியில் என்று வேலை பழகிவிட்டது. ஆனால் என் வாய் பழகவில்லை. தினமும் ஒரு தடவையாவது அந்த அண்டாவைத் திட்டினால்தான் எனக்குப் பொழுது போகும்.

அக்காவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஐந்து நாள் போய்விட்டுத் திரும்பினேன். வீட்டில் அவர் காய்ச்சலில் படுத்திருந்தார். மூன்றாம் நாள் டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஒட்டுகிற காய்ச்சல் என்றார். அன்றைக்கே சலவைக்கூடத்துக்குச் சீல் வைத்துவிட்டார்கள். ஒன்பதாம் நாள் அவர் போய்விட்டார். அவர் போட்டது, படுத்தது எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி, அதற்கும் சீல் வைத்துவிட்டுப் போனார்கள்.

அழவில்லை நான். வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிக்கொண்டார்கள். காட்டட்டும். கல்நெஞ்சுக்காரி என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். அவளுக்குப் பதில் சொல்லக்கூட எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் எனக்கே பயமாக இருந்தது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறவள் நான். சாப்பிட்டேன், தூங்கினேன், பல் தேய்த்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிக் கிள்ளிப் பார்ப்பதுபோல் அவரை நினைத்து நினைத்துப் பார்த்தேன்.

ஒன்றே ஒன்று மட்டும் வேண்டும் என்று இருந்தது. அவருடைய ஸ்வெட்டர்.

சாம்பல் நிறம், முன்பக்கம் பொத்தான். வலது பையில் எப்போதும் அளக்கிற மடக்குக்கோலை வைத்து வைத்து அந்தப் பக்கம் மட்டும் தொங்கும். இடது முழங்கையில் ஓட்டை விழுந்து, கம்பளி நூல் கிடைக்காமல் பச்சைப் பருத்தி நூலில் நான் இழையோட்டி வைத்திருந்தேன். கழற்றிச் சலவைக்கூடத்து ஆணியில் மாட்டினால் அவரே முதுகைக் காட்டிக்கொண்டு கோபமாக நிற்பதுபோல் இருக்கும். வாசனைக்காக ஆசைப்பட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வாசனையைப் போக்குவதுதான் என் தொழிலே. எனக்கு வேண்டியது அந்த அளவு. அந்தத் தோள், அந்தத் தொங்கல், அந்த முழங்கை. அது ஆணியில் தொங்கினால் ஒருநாள் எனக்கு ஏதாவது தோன்றும் என்று ஒரு நப்பாசை.

அவர் போன இருபத்தாறாம் நாள் காலையில் சுகாதார ஆய்வாளர் வந்து சீலை உடைத்தார். சளி பிடித்த மனுஷர், பாதிப் பேச்சு மூக்கில் வந்தது. கையில் ஒரு படிவம்.

"அம்மா, அவர் போட்டது, படுத்தது எல்லாம் என் கண் முன்னாடி அரை மணி நேரம் கொதிக்கணும். அப்புறம்தான் மத்தவங்க துணிய நீங்க வாங்கலாம். கொதிக்க வைக்க முடியாததை எரிச்சுடணும்."

"கம்பளி, சார்?"

"கம்பளியும்தான். கொதிக்கணும், இல்லேன்னா எரியணும்."

"ரெண்டு அண்டா இருக்கு சார். கம்பளிய சின்னதுல தனியாப் போடறேன். வெள்ளையில சாயம் ஏறிடக் கூடாது பாருங்க."

"ரெண்டும் கொதிக்குமா?"

"ஒரே நெருப்புதான் சார். ரெண்டும் கொதிக்கும்."

கூசாமல் சொன்னேன். பன்னிரண்டு வருஷம் நான் திட்டித் தீர்த்த அண்டாவுக்கு நானே சாட்சி சொன்னேன். கிருமி, ஒட்டுகிறது, அதெல்லாம் எனக்கு மண்டையில் ஏறவில்லை. ஒட்டினால் எனக்கு ஒட்டட்டும், பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவேன், வேறு யாரும் தொடப்போவதில்லை என்று நினைத்தேன். அது தப்புதான். அன்றைக்குத் தப்பு சரி என்று எதுவும் எனக்குத் தெரியவில்லை.

என் நாத்தனாரை நினைத்தால்தான் பயம். அவருடைய தங்கை. பக்கத்து வீடு, என்னோடுதான் வேலை. நல்லவள், ஆனால் மனதில் இருப்பதெல்லாம் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். சோம்பேறிக்குள் ஸ்வெட்டர் போவதைப் பார்த்தால் என்னையும் ஆய்வாளரையும் மாறி மாறிப் பார்த்து முழிப்பாள். குட்டு உடைந்துவிடும்.

"நீ போயி விறகுக் கடையில நல்ல காஞ்ச விறகாப் பாத்து எடுத்துட்டு வா. இங்க இருக்கறதெல்லாம் ஈரம்."

"அண்ணி, விறகு நல்லாத்தானே இருக்கு? நான் இங்க இருக்கேனே, அடுப்பு பத்தறதப் பாத்துட்டு..."

"போன்னா போ. எதிர்த்துப் பேசாத."

அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

நெருப்பு சட்டென்று பிடிக்கவில்லை. எரிவாயிலிருந்து கொஞ்சம் புகை திரும்பி என் முகத்தில் அடித்தது. ஐந்து வாரம் ஆறிக் கிடந்த அடுப்பு, ஈரம் ஏறியிருக்கும் என்று விட்டுவிட்டேன். மூலையில் அவர் சாந்து பூசுகிற கரணை கிடந்தது, காய்ந்த சாந்தோடு. கருவியைக் கழுவாமல் போடுகிற ஆள் இல்லை அவர். அதையும் பார்த்தேன், பார்த்துவிட்டு விறகைத் தள்ளினேன். கண்ணெதிரே இருப்பதைப் பார்த்தும் பாராத நாட்கள் அவை.

மூட்டையை அவிழ்த்தேன். விரிப்பு, தலையணை உறை, வேட்டி, சட்டை எல்லாம் சோப்பும் சோடாவும் போட்டு, பெரியதில். கம்பளிப் போர்வை இரண்டும் ஸ்வெட்டரும் சின்னதில். ஆய்வாளருக்காக அதிலும் ஒரு கை சோடாவைப் போட்டேன். ஸ்வெட்டரை மேலாக வைத்துத் துணி கிளறுகிற கோலால் மெதுவாக அமுக்கினேன். பச்சை முழங்கை ஒரு தடவை மேலே வந்துவிட்டு உள்ளே போனது. மரமூடியைப் போட்டேன்.

பெரியது கொதிக்க ஆரம்பித்தது. சின்ன மூடியின் ஓரத்திலும் ஆவி வந்தது. ஆவி அதில் எப்போதும் கொஞ்சம் வரும்.

"கொதிச்சிருச்சு சார். ரெண்டும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்துப் படிவத்தில் எழுதிக்கொண்டார். துணி மடிக்கிற பலகையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார். நான் கோலை வைத்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிஷம் போயிருக்கும். டக் என்று ஒரு சத்தம்.

பெரிய மூடி அடிக்கிற சத்தம் எனக்குத் தெரியும். தொப் தொப் என்று கனமாக இருக்கும். இது வேறு. டக். டக்டக். சின்ன மூடி மேலே எழும்பி எழும்பி விழுந்தது. ஓரத்திலிருந்து நுரை வழிந்து செங்கல்லில் சீறியது. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் கேட்காத சத்தம். சோம்பேறி கொதித்துக்கொண்டிருந்தது.

கை தானாக மூடிக்குப் போனது.

"என்னம்மா?"

என்ன சொல்வது? கொதிக்காது என்று நம்பித்தான் போட்டேன், இப்போது கொதிக்கிறது, எடுத்துவிடுகிறேன் என்றா? எடுத்தால் எரிக்கச் சொல்வார். பொய் சொன்னதற்குக் கூடத்தையும் மறுபடி பூட்டுவார், நாத்தனாருக்கும் வேலை போகும்.

"ஒண்ணுமில்ல சார்."

"இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு."

இருபத்தைந்து நிமிஷமும் நின்றேன். கொதிக்கிற தண்ணீரில் கம்பளி என்ன ஆகும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். இந்நேரம் நூல் நூலோடு சேர்ந்திருக்கும். இந்நேரம் கை குட்டையாகியிருக்கும். இந்நேரம் தோள் போயிருக்கும். மூடி அடித்துக்கொண்டே இருந்தது. ஆய்வாளர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து, "நல்ல அடுப்பும்மா. யாரு கட்டினது?" என்றார்.

"எங்க வீட்டுக்காரர்."

அவர் தலையை ஆட்டினார். நேரம் முடிந்ததும் கையெழுத்துப் போட்டு, ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூடியைத் திறந்து கோலால் தூக்கினேன். ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூடப் போதாது. அட்டைபோல் விறைத்திருந்தது. பை எது, தொங்கல் எது என்று தெரியவில்லை. முழங்கையில் நான் போட்ட பருத்தி நூல் மட்டும் சுருங்கவில்லை. அது மட்டும் பழைய அளவில், வெளியே புடைத்துக்கொண்டு பச்சையாக நின்றது.

வண்டிச் சத்தம் கேட்டது. நாத்தனார் விறகைப் போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தாள். முதலில் அண்டாவைத்தான் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"கொதிக்குதா அண்ணி! கொதிக்குது! அண்ணன் சொன்ன மாதிரியே!"

"என்ன சொன்னாரு?"

"நீ ஊருக்குப் போனியே, அப்பத்தான் பண்ணாரு. மேடைய இடிக்கவே இல்ல. கரி வழிக்கிற சின்னக் கதவு இருக்குல்ல, அது வழியா கைய விட்டு உள்ள ஒரு குட்டிச் சுவர் வச்சாரு. ஏழே ஏழு செங்கல். அனல் நேரா மேல போக முடியாது, இதச் சுத்திட்டுத்தான் போகணுமாம். நான்தான் சாந்து குழைச்சுக் குடுத்தேன். முடிக்கும்போதே அவருக்கு உடம்பு சுட்டுச்சு, கரணையைக்கூடக் கழுவாம போயிப் படுத்துட்டாரு. 'அவகிட்ட சொல்லிடாத, மூடி ஆடறதப் பாத்து அவளே வாயடைச்சு நிக்கட்டும்'னு சத்தியம் வாங்கிட்டாரு. நீ மொத தடவ பத்த வைக்கும்போது பக்கத்துல இருக்கணும்னு பாத்தேன், நீதான் தொரத்தி விட்ட..."

அப்போதுதான் கோலில் தொங்குவதைப் பார்த்தாள்.

"ஐயோ, இது அண்ணனோட... இதையா உள்ள போட்ட? என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே அண்ணி!"

"கேட்டிருக்கலாம்," என்றேன்.

அவள் உட்கார்ந்து அழுதாள். நான் ஸ்வெட்டரைப் பிழிந்தேன். பிழிய அதில் ஒன்றும் இல்லை. கொடியில் இரண்டு கிளிப் போட்டு மாட்டினேன். ஒன்றே போதும், பழக்கத்தில் இரண்டு போட்டேன்.

மறுநாள் துணி வர ஆரம்பித்தது. விரிப்பை இரண்டாகப் பிரித்துப் பாதியைப் பெரியதிலும் பாதியைச் சின்னதிலும் போட்டோம். இரண்டு மூடியும் அடித்தன. சாயங்காலம் வரை இழுக்கிற வேலை, அலசிப் பிழிந்து காயப்போட்டு, அடுப்பில் சாம்பலும் வழித்தாயிற்று. நிமிர்ந்து பார்த்தால் மணி பன்னிரண்டரை.

"முடிஞ்சிருச்சா?" என்றேன்.

"முடிஞ்சிருச்சு. இப்ப என்ன அண்ணி பண்றது?"

பலகையில் உட்கார்ந்தேன். எதிரே ஆணி இருந்தது, காலியாக. பன்னிரண்டு வருஷமாகக் கேட்டு வாங்கின மத்தியானம். கேட்டபோதெல்லாம் கொடுக்காமல், ஏழு செங்கல்லில் முடிகிற காரியத்துக்கு மேடையை இடிக்கணும் என்று என்னை ஏமாற்றிவிட்டு, இப்போது கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. எங்கிருந்தோ, காலிலிருந்து ஏறுவதுபோல் வந்தது.

"உங்கண்ணனுக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா?" என்று கத்தினேன். "உக்காந்து நான் யாரு மூஞ்சியப் பாக்கறது?"

நாத்தனார் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலம் வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம்.