சின்ன லிவர்

என் புருஷன் விபினுக்கும் அவருடைய அண்ணன் ராஜமணிக்கும் பொதுவாக ஒரு ஜீப். வித்துராவிலிருந்து பொன்முடி எஸ்டேட்டில் தொழிலாளிகள் குடியிருக்கும் லயங்களுக்கு ஆளும் அரிசியும் ஏற்றிப்போகிற வண்டி. பஸ் நினைத்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை என்பதால் ஓட்டத்துக்குக் குறைவில்லை.

ஓட்டுகிறவர் விபின். உபதேசம் பண்ணுகிறவர் ராஜமணி அத்தான்.

"சின்ன லிவரத் தொடாத, கேட்டியா. போர் வீல் போட்டா டீசல் குடிக்கும்."

நாலு சக்கரத்தையும் சேர்த்து இழுக்க வைப்பது அந்தச் சின்ன லிவர்தான். அதைத் தொடாவிட்டால் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும். தார் ரோட்டுக்கு அது போதும். அத்தானுடைய கஞ்சத்தனம் ஊர் அறிந்ததுதானே என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

ஆடிமாசக் கர்க்கடக மழையில் ஒருநாள் லயத்திலிருந்து போன் வந்தது. அங்கே தனியாக இருந்த என் அப்பா திரவியத்துக்கு நெஞ்சுவலி. நானும் விபினும் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓடினோம். லயத்துக்கு ஏறுகிற மண்பாதை முழுக்கச் சேறு. பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. விபின் என்னை ஒருதரம் பார்த்துவிட்டுச் சின்ன லிவரை இழுத்தார். வண்டி முக்கி முனகி மேலே ஏறிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன்மேல் எனக்கு அத்தனை ஆசை வந்ததில்லை.

அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினோம். மண்பாதை முடிந்து தார் ரோடு வந்ததும் வண்டி இழுத்துப் பிடித்தது. சேற்றில் சக்கரம் வழுக்கிக் கொடுத்தது. தாரில் வழுக்க இடமில்லை. விபின் இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தார், லிவர் அசையவில்லை. ஒரு கொண்டை ஊசி வளைவில் அடியில் ஏதோ உடைந்தது. எண்ணெய் மழைத்தண்ணீரோடு ஓட, சக்கரங்கள் பூட்டிக்கொண்டன.

"மோளே, எறங்கி நடப்பமா?" என்று அப்பா கேட்டார்.

வேறு வண்டி கிடைத்து மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோகுமுன் அவர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து வந்து உட்கார்ந்ததும் அத்தான் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நான் அப்பமே சொன்னேம்லா, சின்ன லிவரத் தொடாதேன்னு." விபின் தலையைக் குனிந்துகொண்டார். என் சித்தப்பாமார்கூட அவரைத்தான் முறைத்தார்கள்.

பிறகு வண்டியை ஜாக்கியில் தூக்கி விபினே சோதித்தார். முன்சக்கரம் ஒரு சுற்று வர எஞ்சினிலிருந்து வரும் ஷாஃப்டை ஐந்து சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினால் போதும். பின்சக்கரத்துக்கு ஐந்தரை வேண்டியிருந்தது. போன வருஷம், பின்சக்கர அச்சும் பல்சக்கரங்களும் இருக்கும் பின் ஹவுசிங் உடைந்தபோது அத்தான் பழைய இரும்புக் கடையிலிருந்து வேறொரு ஜீப்பின் ஹவுசிங்கை முழுசாகக் கொண்டுவந்து மாட்டியிருந்தார். இங்கே எல்லாரும் செய்வதுதான். போல்ட்டெல்லாம் பொருந்தும், உள்ளே இருக்கிற பல் கணக்கை யாரும் பார்க்க மாட்டார்கள். பின்சக்கரம் மட்டும் இழுக்கும்வரை ஒன்றும் தெரியாது. நாலையும் பூட்டினால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து நடுவில் இருப்பதை உடைத்துவிடும்.

அத்தானிடம் நேராகவே கேட்டேன்.

"டீசலுக்காகத்தான் சொன்னீங்களா அத்தான்?"

"பின்ன? உள்ளதச் சொன்னா இவன் மலைக்கு வண்டி எடுப்பானா?" சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். விபின் கையைக் கழுவ எழுந்து போனார். அண்ணனிடம் அப்புறம் தனியாகக் கேட்பார் என்று நம்பினேன்.

உடைந்ததை மட்டும் மாற்றி, பின் ஹவுசிங்கை அப்படியே விட்டு, வண்டியை விற்பனைக்கு வைத்தார்கள். பாலோட்டிலிருந்து சிஜி என்ற பையன் பார்க்க வந்தான். லயத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போக வேண்டுமாம்.

"போர் வீல் பிடிக்குமோ சேட்டா?"

அத்தான் வாயைத் திறக்குமுன் பதில் வந்தது.

"பிடிக்கும். ஆனா தொடண்டாம். டீசல் குடிக்கும்."

சொன்னவர் விபின். என் புருஷன்.

அடுப்பை அணைக்காமலே முற்றத்துக்கு வந்தேன். பின் ஹவுசிங்கைக் காட்டி, அப்பா எங்கே எப்படிச் செத்தார் என்பதுவரை சிஜியிடம் மலையாளத்தில் சொன்னேன். அவன் சாவியைப் பானட்மேல் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் போய்விட்டான்.

அப்பா செத்த மூன்றாம் நாளே இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. வண்டி விலைபோகாததற்கு இன்றுவரை யாரும் என்னோடு பேசுவதில்லை. விபினும்தான்.