ஒன்பது படகுகளுக்கு ஒரு கறுப்புப் பந்து

திருகோணமலைத் துறைமுகத்துக்குள் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்கு மரக்கறியும் தண்ணீரும் ஏற்றிப் போகும் சிறு படகுகள் ஒன்பது இருக்கின்றன. ஒன்பது பேரிலும் துறைமுக விதிகளை ஒழுங்காகப் படித்தவன் நான் ஒருவன்தான். தற்பெருமை என்று சொல்பவர்கள் சொல்லட்டும். எரிபொருள் ஏற்றும்போது சிவப்புக் கொடி. தண்ணீருக்குள் சுழியோடி இறங்கியிருந்தால் வெள்ளையும் நீலமும் சேர்ந்த கொடி. நங்கூரமிட்ட படகில் இரவென்றால் நாலு பக்கமும் தெரிகிற வெள்ளை விளக்கு, பகலென்றால் முன்பக்கத்தில் உயரக் கட்டிய கறுப்புப் பந்து. நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இதனால் எனக்கு ‘கொடிக் குணரத்தினம்’ என்று பட்டம் வைத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வரும் என்று தெரிந்துதான் வைத்தார்கள்.

கறுப்புப் பந்து என்றால் விளையாட்டுப் பந்து இல்லை. இரண்டு வட்டத் தகடுகளை ஒன்றுக்குள் ஒன்று குறுக்காகச் செருகிக் கறுப்பு மை பூசினால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் பந்து மாதிரித் தெரியும். ‘நான் நங்கூரத்தில் நிற்கிறேன், என்னால் விலக ஏலாது, நீதான் விலக வேண்டும்’ என்று அது தூரத்திலேயே சொல்லிவிடும். அது இல்லாமல் நிற்கிற படகை ஓடுகிற படகு என்றுதான் மற்றவன் எடுப்பான்.

ஒன்பது படகுக்கும் அப்படி ஒரேயொரு பந்துதான் இருந்தது. நான் வெட்டி, நான் செருகி, நான் மை பூசியது. வருடத்தில் ஒருமுறை ஒவ்வொரு படகுக்கும் பரிசோதனை வரும். பந்து இல்லாவிட்டால் லைசன்ஸ் இல்லை. எனவே யாருக்குப் பரிசோதனையோ அவர் முதல்நாள் என்னிடம் வந்து பல்லைக் காட்டுவார். நானும் அரை மணித்தியாலம் விதி பற்றிப் பிரசங்கம் செய்துவிட்டுக் கொடுத்துவிடுவேன். விதி தெரிந்தவனே விதியை ஏமாற்றத் துணை போனேன். அது என் பிழை. அதை மறைக்க வரவில்லை.

என் தங்கை தர்சிகாவின் புருஷன் கஜீபனும் எங்களோடு படகு ஓட்டுகிறவன்தான். இந்தத் தொழிலுக்கு அவனைக் கூட்டிவந்தவனே நான். ஆறு வருடத்துக்கு முன்பு, எந்தக் கயிறு எதற்கென்று தெரியாமல் வந்து நின்றவன். ஒரு ஞாயிறு பின்னேரம் அவன் வந்தான்.

“மச்சான், நாளைக்கு எனக்குப் பரிசோதனை. பந்தை ஒருக்காத் தாறீங்களே? நாளைப் பின்னேரமே கொண்டந்து தாறன்.”

“சிவப்புக் கொடி வைச்சிருக்கிறீரோ? இல்லாட்டி அதாலதான் இப்பவும் எஞ்சின் துடைக்கிறீரோ?” என்று கேட்டேன். சிரித்தான். கொடுத்தேன்.

திங்கட்கிழமை அவனுக்கு லைசன்ஸ் கிடைத்தது. பந்து எனக்குத் திரும்பவில்லை. செவ்வாய்க்கிழமை விடியப் போய்ப் பார்த்தேன், அவனுடைய படகு கரையில் இல்லை. ஒரு நாள்தானே என்று நினைத்து நான் பந்து இல்லாமலே புறப்பட்டேன்.

கப்பலுக்குச் சாமான் இறக்கிவிட்டுத் திரும்பும்போது சோபர் தீவுக்குக் கிட்ட எஞ்சின் சூடேறி நின்றுவிட்டது. தண்ணீர் போகும் குழாய் வெடித்திருந்தது. நங்கூரம் போட்டேன். கஜீபனுக்குப் போன் எடுத்தேன்.

“எஞ்சின் நிண்டுட்டுது. இழுக்கக் கயிறு கொண்டாரும். வரேக்க அந்தப் பந்தையும் கொண்டாரும்.”

“இந்தா வாறன் மச்சான், பத்து நிமிசம்.”

மழை தூறிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் அரை மணித்தியாலமாயிற்று, கஜீபனைக் காணவில்லை. கல் ஏற்றிய தட்டைப் படகு ஒன்று நேரே என்னை நோக்கி வந்தது. நான் விலகுவேன் என்று அதை ஓட்டியவர் நினைத்திருக்கிறார். நான் ஹோர்னை விட்டு விட்டு ஐந்து தரம் அடித்தேன், சட்டையைக் கழற்றி வீசினேன். அவருடைய எஞ்சின் சத்தத்தில் எது கேட்கும்? கடைசி நேரத்தில் திருப்பினார். என் படகின் பக்கப் பலகை பிளந்தது. அவருடைய ஆள் ஒருவர் விழுந்து கையை முறித்துக்கொண்டார். “நீங்கள் ஓடுறியள் எண்டெல்லோ நினைச்சன்! பந்து எங்கே?” என்று அவர் கத்தினார். மற்றப் படகுக்காரரிடம் நான் கேட்டுத் திரிகிற கேள்வி அது.

காயம் என்றதால் விசாரணை வைத்தார்கள். பந்தே இல்லாமல் தொழில் செய்பவன் என்று முடிவானால் என் லைசன்ஸ் பறிபோகும். பந்து உண்டு, அன்று மட்டும் வேறு கையில் இருந்தது என்று நிரூபித்தால் எச்சரிக்கையோடு விடுவார்கள். எழுத்தில் வாக்குமூலம் கொடுக்க வேண்டிய நாளுக்கு முதல்நாள் கஜீபன் வீட்டுக்கு வந்தான்.

“மச்சான், நான் வாங்கினதெண்டு நீங்கள் எழுதாதேங்கோ. நீங்கள் எழுதினா என்னில பழியைப் போடுற மாதிரி இருக்கும். என்னைச் சாட்சியாப் போடுங்கோ. நானே வந்து வாயால சொல்லுறன். பிழையை ஒத்துக்கொண்டா எனக்கும் கொஞ்சம் இரக்கம் பார்ப்பினம்.”

அதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது. அவன் போனபிறகு என் மனுசி, “எதையும் எழுதிக் குடுங்கோ. ஆக்களின்ர கதையை நம்பி இருக்காதேங்கோ” என்றாள். அவள்மேல் எரிந்து விழுந்தேன். என் தங்கையின் புருஷனை ‘ஆக்கள்’ என்கிறாளே என்று கோபம். வாக்குமூலத்தில், ‘என்னிடம் பந்து உண்டு. அன்று படகில் இருக்கவில்லை. காரணத்தைச் சாட்சி கஜீபன் கூறுவார்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

விசாரணை செய்தவர் துறைமுக அதிகாரி ஆதிலா மிஸ். நிதானமான பெண். கஜீபனைக் கூப்பிட்டு, “இவரின்ட பந்தைப் பற்றி நீங்க சொல்லுவீங்க எண்டு எழுதியிருக்கார். சொல்லுங்க” என்றார்.

கஜீபன் என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தான்.

“மிஸ், நான் இவரோட ஆறு வருசமாத் தொழில் செய்யிறன். இவரிட்ட அப்பிடியொரு பந்தை நான் ஒருநாளும் காணேல்ல.”

நான் எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது. “டேய்! ஞாயிற்றுக்கிழமை என்ர கையால வாங்கிக்கொண்டு போனதென்னடா?” என்று கத்தினேன். எல்லாவற்றையும் கொட்டினேன். ஒன்பது படகின் கதையையும் சொன்னேன். ஆதிலா மிஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு என் வாக்குமூலத்தைத் திரும்பவும் வாசித்தார்.

“இதையெல்லாம் ஏன் இதில எழுதல்ல?”

அவனே சொல்வதாகச் சொன்னான் என்றேன். எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது.

“உங்கட பந்து இப்ப எங்க?”

“அவன்ர படகில இருக்கு மிஸ். போய்ப் பாருங்கோ.”

போய்ப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. திங்கட்கிழமைப் பரிசோதனைத் தாளை எடுத்தார். கஜீபனின் படகு, கறுப்புப் பந்து ஒன்று, சரி என்று முத்திரை குத்தியிருந்தது. அது அவன் பந்து என்று துறைமுகமே எழுதி வைத்திருந்தது. என் போன வருடத் தாளிலும் அப்படி ஒரு முத்திரை இருந்தது, ஆனால் ஒரே பந்தைத்தான் ஒன்பது பேரும் காட்டுகிறோம் என்று நானே சொல்லிவிட்டேனே. இப்போது என்னிடம் ஒன்றுமில்லை.

வெளியே வாங்கில் மற்றப் படகுக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைக் கேளுங்கள் என்றேன். நாலு வருடமாக ஒவ்வொரு வருடமும் என்னிடம் பந்து வாங்கிப்போன றம்ஸானை உள்ளே கூப்பிட்டார்கள். அவன் நல்லவன். என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன். தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றான்.

“எல்லாப் பந்தும் கறுப்புத்தானே மிஸ். எது ஆர்ர பந்தெண்டு நான் எப்பிடிச் சொல்லுற?”

அதற்குப் பிறகு வேறு யாரையும் கூப்பிடச் சொல்லி நான் கேட்கவில்லை. இரண்டு வருடத்துக்கு என் லைசன்ஸைப் பிடித்து வைத்தார்கள். நானே சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். வெளியே வந்தபோது கஜீபன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தான். ஒரு சொல்லாவது சொல்லிவிட்டுப் போவான் என்று வாசல் கேட்டடியில் கொஞ்ச நேரம் நின்றேன். மானங்கெட்ட மனது, அப்போதும் அவனிடம் ஒரு சொல்லை எதிர்பார்த்தது.

வீட்டுக்கு வந்து சேர்ந்து தேத்தண்ணி குடிக்க முதல் தர்சிகா போன் எடுத்தாள். எடுத்ததும் அழுகை. நடந்தது தெரிந்து புருஷனோடு சண்டை பிடித்திருக்கிறாள், எனக்காக அழுகிறாள் என்று நினைத்தேன். நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

“அண்ணா, நீங்கள் செய்ததை நான் சாகுமட்டும் மறக்க மாட்டன்.”

“நான் என்ன செய்தனான்?”

“இவர் போன கிழமையே சொன்னவர் அண்ணா. என்ர லைசன்ஸ் போனாலும் பரவாயில்லை, தங்கச்சியின்ர குடும்பம் நல்லா இருக்கோணும், என்ர பந்தை ஒருநாளும் காணேல்லை எண்டு சொல்லும் எண்டு நீங்கள்தான் சொன்னதாம். உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசண்ணா.”

போன கிழமை. என் வீட்டுக் கதிரையில் இருந்து, என் மனுசி அவித்த புட்டைச் சாப்பிட்டுவிட்டு, சாட்சி சொல்ல வருகிறேன் என்று சொல்லிப் போன அன்று. அன்றைக்கே வீட்டுக்குப் போய் அவளிடம் இதைச் சொல்லியிருக்கிறான். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் நான் தியாகி. எனக்குத் தியாகியாக இருக்க விருப்பமில்லை. ஒரு ஆளுக்காவது உண்மை தெரிய வேண்டும், அது என் தங்கையாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

“இல்லைத் தங்கச்சி. நான் அப்பிடிச் சொல்லேல்லை. உண்மையைச் சொல்லுறன் எண்டு சொல்லி என்னை ஏமாத்திப்போட்டார்.”

அவளுடைய அழுகை நின்றது. அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. பிறகு அதையும் யாரோ நிறுத்தினார்கள்.

“சரி அண்ணா,” என்றாள், குரலைத் தாழ்த்தி. “ஆனா இதை நீங்கள் வேற ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ.”