எவ்வளவு தொடுகிறாய்?

ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகம் செய்யும் அந்தக் கம்பெனியைப் பிரெஞ்சுக்காரர்கள் வாங்கியதிலிருந்து ஹெச்.ஆர். மேனேஜர் திருமலைக்குப் பிரெஞ்சு முளைத்துவிட்டது. எல்லாம் செல்போனில் கற்றதுதான். கேட்டில் நிற்கும் வாட்ச்மேனுக்கு "போன்ஜூர்", கேண்டீனில் டீ கொடுப்பவருக்கு "மெர்சி". அவர்கள் பணிவாகத் தலையாட்டிவிட்டு, அவர் நகர்ந்ததும் கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள்.

மொழிபெயர்ப்பாளர் வேலைக்கான நேர்காணலுக்கு எஸ்லின் வந்திருந்தாள். சொந்த ஊர் மத்தூர். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு படித்து, அங்கேயே பிரெஞ்சுக்காரர்களோடு வேலையும் பார்த்தவள். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் ஊர்ப்பக்கமாக வேலை தேடிக்கொண்டிருந்தாள்.

திருமலை அவளுடைய பயோடேட்டாவை ஈரத்துணியைத் தூக்குவதுபோல நுனிவிரலால் தூக்கினார்.

"மத்தூரா? அங்க யாருகிட்ட பிரெஞ்சு பேசுவ? மாமரத்துகிட்டயா?"

"பேச ஆளில்லன்னுதான் சார் இங்க வந்தேன்."

அதற்குள் சுவரிலிருந்த திரையில் மேடம் கிளேர் வந்துவிட்டார். லியோன் நகரத்திலிருந்து பேசும் இயக்குநர். எஸ்லினிடம் அரைமணி நேரம் வேலையைப் பற்றிக் கேட்டார். பிரெஞ்சிலும் நம்மைப்போல இரண்டு உண்டு: நீங்கள் என்பதற்கு 'வூ', நீ என்பதற்கு 'த்யூ'. கிளேர் கடைசிவரை 'வூ' என்றேதான் பேசினார்.

திருமலைக்கு இருப்புக்கொள்ளவில்லை. தன் பிரெஞ்சையும் மேடம் கேட்கவேண்டாமா? நாற்காலியில் சாய்ந்துகொண்டு, எஸ்லினைப் பார்த்து,

"தூ வெ கொம்பியான்?" என்றார்.

உனக்கு எவ்வளவு வேணும்? சந்தையில் ஆட்டுக்குட்டிக்கு விலை கேட்கிற மாதிரி. பிரெஞ்சில் உதட்டைக் குவித்துச் சொல்லவேண்டிய 'நீ', அவர் வாயிலிருந்து நாம் காறித் துப்புகிற 'தூ'வாகவே வந்து விழுந்தது.

எஸ்லினுக்கு முகம் சுட்டது. வேலை போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது. நீ என்றால் நீதானே? அதே தோரணையில் அவளும் கேட்டாள்:

"எ த்வா? த்யூ தூஷ் கொம்பியான்?"

நீ எவ்வளவு வாங்குகிறாய் என்றுதான் கேட்டாள். ஆனால் சம்பளம் வாங்குவதைப் பிரெஞ்சுக்காரர்கள் பேச்சுவழக்கில் 'தொடுவது' என்பார்கள். திருமலையின் செல்போன் அதைச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. 'நீ எவ்வளவு தொடுகிறாய்?' என்றே அவர் காதில் விழுந்தது.

முகம் வெளிறிப்போயிற்று. மேஜைமேல் இருந்த இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டார்.

"ழெ தூஷ் ரியான், மேடம்! ரியான்! ரியான்!"

நான் எதையும் தொடவில்லை என்று சத்தியம் செய்தார். பிரெஞ்சுக்காரி காதில் அது, 'எனக்குச் சம்பளமே இல்லை' என்று விழுந்தது. கிளேர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பாவம், இவர் இத்தனை நாளாக இலவசமாகவா உழைக்கிறார் என்று கேட்டார். பிறகு எஸ்லினிடமே இந்த வேலைக்கு அனுமதித்திருந்த சம்பளத்தைச் சொன்னார். திருமலை போனில் அவளுக்குச் சொல்லியிருந்த தொகையைப்போல் அது இரண்டு மடங்கு. சம்மதமா என்றார். எஸ்லின் சம்மதம் என்றாள்.

அவள் வெளியே வந்து லிஃப்டுக்கு நின்றபோது திருமலை பின்னாலேயே ஓடிவந்தார்.

"ஏம்மா, நீங்க என்னதான் கேட்டீங்க? மேடம் ஏன் அப்பிடி சிரிச்சாங்க?"

அவள் விளக்கினாள். அவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயையோ! அடுத்த மாசம் எனக்கு இன்கிரிமென்ட் போடணும்மா. மேடத்துக்கு நல்லபடியா ஒரு மெயில் எழுதிக் குடுத்துடறீங்களா?"

அவருடைய சட்டைப்பையில் குத்தியிருந்த பிரெஞ்சுக் கொடி பேட்ஜை எஸ்லின் ஒருதரம் பார்த்தாள். பரிதாபம்கூட வரவில்லை.

"வேலைக்கு வந்ததும் எழுதித் தரேன் சார். ஆர்டரை அனுப்புங்க."

அவள் ஏறிய பஸ் குருபரப்பள்ளி தாண்டுவதற்குள் ஆர்டர் செல்போனுக்கு வந்துவிட்டது.